இரும்பா, மரமா, போர்டா, கொடியா: திருகோணமலை வீட்டில உடுப்பு வைக்க எது சரி?

கல்யாணம் முடிச்சு உப்புவெளிப் பக்கம் அனெக்ஸ் ஒண்டு வாடகைக்கு எடுத்திருக்கிற தங்கச்சி ஒராள் போன கிழமை கேட்டா, "அக்கா, இரும்பு அலுமாரி எடுக்கவா, இல்லாட்டி கடையில பூட்டித் தாற போர்ட் அலுமாரி எடுக்கவா, அது பாக்க வடிவா இருக்கு, தவணைக்கும் தாறாங்க" எண்டு. அதே கிழமை பாலையூத்தில வீடு கட்டிக்கொண்டிருக்கிற அண்ணா ஒருத்தர், "தங்கச்சி, மரத்தில அடிக்கிறதா, சுவருக்குள்ளயே தட்டுப் போட்டு எடுக்கிறதா" எண்டு கேட்டார். இதுக்கு முந்தியும் கன பேர் கேட்டிருக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லிச் சொல்லி எதையாவது விட்டுடுவன், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிடுவம் எண்டு இருந்துட்டன்.

ரெண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல ஏலாது. ஆனா ரெண்டு பேரும் முதல்ல பாத்தது விலையையும் வடிவையும் தான். எங்கட ஊர்ல அது ரெண்டும் கடைசியாத்தான் பாக்கணும். எனக்கு நடந்ததைச் சொல்லுறன்.

திருக்கடலூர்ப் பக்கம் கடலுக்குக் கிட்ட வாடகைக்கு இருந்த நேரம் மூண்டு கதவு போர்ட் அலுமாரி ஒண்டு எடுத்தம். முதல் மாரிக்கு ஒண்டும் தெரியேல்ல. ரெண்டாவது மாரி முடிஞ்சு தைப்பொங்கலுக்குக் கட்டுவம் எண்டு அம்மாட கூறைச்சாறியை எடுத்தா, மடிப்புக்குள்ள வெள்ளை வெள்ளையாப் பொட்டு, கரையில சரிகை கறுத்து, ஒரு புளிச்ச மணம். கீழ்த் தட்டு தண்ணியில ஊறின ரஸ்க் மாதிரி ஊதி நிக்குது, கதவு சாத்துப்படுதில்ல. சாறியை நிழல்ல காத்தாட விட்டு, துணியால தட்டி, பிறகு ட்ரை கிளீனிங்குக்கும் குடுத்துப் பாத்தன், பொட்டு முழுசாப் போகேல்ல. அம்மா ஒண்டும் சொல்லேல்ல. விரிச்சு விரிச்சுப் பாத்துட்டுத் திரும்ப மடிச்சு வச்சா. அது இண்டைக்கும் என்ர மனசில கிடக்கு.

முதல்ல எதை வச்சுப் பாக்கிறது

ஈரம் தான் முதல். கொழும்புக்கு மே, ஜூன்ல ஊத்துற மழை எங்களுக்கு வாறதில்ல, எங்களுக்கு ஒக்டோபரில தொடங்கி நவம்பர், டிசம்பர்ல அடிச்சு ஊத்தி ஜனவரி வரைக்கும் இழுக்கும். வாடைக்காத்து வடகிழக்கால கடல்ல இருந்து மழையைக் கொண்டு வந்து அடிக்கிறதால வீட்டிட வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் நாள்கணக்கா நனைஞ்சு குளிர்ந்து போய் நிக்கும். காத்தில ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல தொடர்ந்து நிண்டாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிடும், மாரியில சாத்திக் கிடக்கிற அலுமாரிக்குள்ள அதை விடக் கூட நிக்கும். அந்த நனைஞ்ச சுவரோட முதுகை ஒட்டி வச்சா எந்த நல்ல அலுமாரியும் சரிவராது.

ரெண்டாவது உப்பு. கடற்கரையோரம் கொடியில காய்ஞ்ச உடுப்பைத் தொட்டுப் பாருங்க, காய்ஞ்சிருக்கும் ஆனா ஒரு பிசுபிசுப்பு இருக்கும். அது உப்பு. சாப்பாட்டு உப்பு மாரியில போத்தலுக்குள்ள தண்ணியா இளகுதில்லையா, அதே வேலையைத்தான் துணியில ஒட்டின உப்பும் செய்யுது, காத்தில ஈரம் 75 வீதம் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுத்து எடுக்கும். நீங்க காய்ஞ்ச உடுப்பெண்டு மடிச்சு வைக்கிறீங்க, அது உள்ளுக்குப் போய்த் திரும்ப ஈரமாகுது. சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி, உப்புவெளி, திருக்கடலூர் ஆக்கள் இதைத்தான் முதல்ல யோசிக்கணும். கடலை விட்டு உள்ளுக்கு, தம்பலகாமம், கந்தளாய் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு உப்புப் பிரச்சினை குறைவு, அங்க கறையான் தான் கூட.

மூண்டாவது பூச்சி, கறையான், எலி. நாலாவது, வீடு மாறப்போறீங்களா இல்லையா. அஞ்சாவதை ஒருத்தரும் பாக்கிறதில்ல, உங்கட உடுப்பு கொழுவுறதா மடிக்கிறதா எண்டது. ஒரு ஹங்கர் 17, 18 அங்குலம் அகலம், அது நேரா நிக்க அலுமாரிக்குள்ள குறைஞ்சது 22 அங்குலம் ஆழம் வேணும். கடையில 18 அங்குல ஆழத்தில நிக்கிற அலுமாரியில ஹங்கர் சரிஞ்சு சரிஞ்சு நிண்டு கதவு சட்டையை நெரிக்கும். பட்டுச்சாறியைக் கன காலம் ஹங்கர்ல தொங்க விட்டா பாரத்தில அந்த மடிப்பே இழுபட்டுப் பிரியும். டீசேட் மாதிரி இழுபடுற துணி தோள்மூட்டில கூர் விட்டு நிக்கும். அதால சேட், சல்வார், யூனிஃபோம் கொழுவ, சாறி, சாரம், டீசேட் மடிக்க எண்டு பிரிச்சுப் பாத்துட்டு, எது கூட இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி எடுங்க. டேப் ஒண்டு கையில இல்லாமக் கடைக்குப் போகாதீங்க.

இரும்பு அலுமாரி

ஆயிரம் பேர் சொல்லுவாங்க இதுதான் பாதுகாப்பு எண்டு, அதில ஒரு பங்கு உண்மைதான். கறையான் தொடாது, எலி அரிக்காது, பூட்டு இருக்கு, உள்ளுக்கு லொக்கர் இருக்கு, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை எல்லாம் வைக்கலாம்.

ஆனா இரும்பு ஈரத்தை உறிஞ்சாது. மரம் ஈரம் கூடேக்க கொஞ்சம் எடுத்து வச்சுட்டுக் காயேக்க விடும், இரும்புக்கு அந்தக் குணம் இல்ல, உள்ள போன ஈரம் உள்ளேயே நிண்டு துணிக்குத்தான் போகும். மழை ராத்திரியில தகடு குளிர்ந்தா உள்பக்கம் வேர்த்தும் நிக்கும். அடுத்தது கறள். அது எங்க தொடங்கும் தெரியுமா, கதவில இல்ல, அடித்தகட்டில. வீடு துடைக்கிற தண்ணி தினமும் படுற இடம், ஆணி துளைச்ச இடம், பிணைச்சல் உரசி பெயின்ட் போன இடம். மச்சாள் வீட்டில வெளிய புதுசு மாதிரி நிண்ட அலுமாரிக்குள்ள ஹங்கர் கொழுவுற கம்பியில, அதான் ரொட்டில, கறள் ஏறி, பிள்ளையிட வெள்ளை யூனிஃபோம் கழுத்துக்குப் பின்னால மண்ணிறத்தில ஒரு வளையம். அவ அவசரத்தில பிளீச் ஊத்தினா, கறை இன்னும் ஏறிப்போச்சு. குளோரின் பிளீச் கறள் கறையைக் கூட்டும், தயவுசெய்து அதைச் செய்யாதீங்க, தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயில்ல வச்சுக் கழுவுங்க, புதுக் கறையெண்டா போகும்.

வாங்கேக்க தகட்டிட கேஜ் கேளுங்க. நம்பர் கூடக் கூடத் தகடு மெல்லிசு, இது கன பேருக்குத் தலைகீழா விளங்கியிருக்கு. 22 கேஜ் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீற்றர், 24 கேஜ் 0.6 மில்லிமீற்றர் தான். விரலால கதவு நடுவில அமத்திப் பாருங்க, டப்பெண்டு உள்ளுக்குப் போய் வந்தா விட்டுட்டு வாங்க. பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில உருக்கின பூச்சு) செய்ததா, கையால பெயின்ட் அடிச்சதா எண்டும் கேளுங்க. வீட்டுக்குக் கொண்டு வந்தா நாலு காலுக்கும் கீழ செங்கல்லோ கட்டையோ வச்சு நாலு அங்குலம் உயத்துங்க, அது ஒண்டே அஞ்சு வருஷம் ஆயுள் கூட்டும் எண்டு சொல்லுவன்.

மறைஞ்ச செலவு கூலி. மாடி வீடெண்டா நாலு பேர் வேணும், படியில ஒருக்கா இடிச்சா பெயின்ட் போன இடத்தில அடுத்த மாரிக்குக் கறள். கடலுக்கு ஒரு கிலோமீற்றர் உள்ளுக்கு இருக்கிற சொந்த வீடு, பத்திரம் நகை வைக்கவும் வேணும் எண்டா இது நல்ல முடிவு. கடலோர வீட்டுக்கு முழு உடுப்பையும் இதில வைக்காதீங்க.

மர அலுமாரி

எங்கட ஊருக்கு உடுப்பு வைக்க நல்லது எதுவெண்டு ஒரே சொல்லில கேட்டா மரம் எண்டுதான் சொல்லுவன். ஈரத்தை எடுத்து விடுறது, உப்புக்குக் கறள் பிடிக்காதது, பழுதானா தச்சுப் பாஸைக் கூப்பிட்டுத் திருத்தக் கூடியது. எங்கட பக்கத்துக் காட்டு மரம் முதிரை, வைரம் மாதிரி, ஆனா பாரம், விலையும் கூட. தேக்கு எல்லாருக்கும் தெரியும். கையில காசு அளவா இருக்கிற ஆக்கள் வேம்பைப் பாருங்க, வைரம் ஏறின வேப்பம் பலகைக்குக் கறையான் லேசில வராது, எங்கட அம்மம்மாட அலுமாரி வேம்பு தான், இண்டைக்கும் லாச்சி இழுத்தா வழுக்கிக்கொண்டு வரும்.

ஏமாறுற இடம் பலகை காய்ஞ்சதா எண்டது. பச்சைப் பலகையில அடிச்ச அலுமாரி ஆறு மாசத்தில முறுகும். கச்சான் காத்து (காய்ஞ்ச தென்மேற்குக் காத்து) அடிக்கிற ஜூன், ஜூலையில செய்து பூட்டின கதவு நவம்பரில ஊதி இறுகும், அதுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு அடிக்கணும், அனுபவப்பட்ட பாஸ் கேக்காமலே விடுவார். இன்னொண்டு, முன்பக்கம் தேக்கு எண்டு காசு வாங்கிட்டு முதுகுக்கு மெல்லிய பிளைவூட் அடிப்பாங்க. கறையான் சுவரால வந்து முதல்ல தின்னுறது அந்த முதுகைத்தான், முன்னால இருந்து பாத்தா தெரியவே தெரியாது. முதுகும் பலகை வேணும் எண்டு கொட்டேசன் எடுக்கேக்கயே சொல்லுங்க.

மரத்தை நீங்களே எடுத்துக் குடுக்கிறதெண்டா, முதிரை, தேக்கு ஏத்திக்கொண்டு வர பர்மிட் வேணும், அது இல்லாம லேண்ட்மாஸ்டர்ல (கை ட்ரக்டர்ல) ஏத்தினா வழியில பிடிச்சா மரமும் போகும். வார்னிஷ் சில வருஷத்துக்கு ஒருக்கா அடிக்கணும், அதுவும் செலவு.

போர்ட் அலுமாரி

மெலமைன், எம்டிஎஃப், எந்தப் பேர்ல வந்தாலும் உள்ளுக்கு இருக்கிறது மரத்தூளும் பசையும் அமத்தினது தான். மேல ஒட்டின தாள் இருக்கிற வரைக்கும் தண்ணி போகாது, கீழ் விளிம்பில, ஆணி ஓட்டையில அந்தத் தாள் இல்ல. அதுக்குள்ளால ஈரம் ஏறினா ஊதும், ஊதினது திரும்பச் சுருங்காது, ஆணி ஒருக்காக் கழண்டா அதே ஓட்டையில திரும்பப் பிடிக்காது. அதனால வீடு மாறேக்க கழட்டிப் பூட்டலாம் எண்டு கடையில சொல்லுறதை நம்பி எடுக்காதீங்க, ஒருக்காக் கழட்டலாம், ரெண்டாம் தரம் ஆடும். பாரமும் தாங்காது. ஒரு பட்டுச்சாறி முக்கால் கிலோ வரும், முப்பது சாறி அடுக்கினா இருபது கிலோ தாண்டும், மூண்டடித் தட்டு நடுவில தொய்ஞ்சிடும்.

தவணைக்கு எடுத்தா கடைசித் தவணை கட்ட முந்தியே கதவு தொங்குற கதையும் பாத்திருக்கிறன். உவர்மலை மாதிரி உயரமான இடத்தில, மாடியில, உள்சுவரோட, சேட் கொழுவ மட்டும் எண்டா எடுக்கலாம். கடலோரத்துக்கு வேண்டாம். இதை நான் நோவோட சொல்லுறன்.

சுவர் அலுமாரி

வீடு கட்டுற ஆக்களுக்கு மட்டும். கொங்கிறீட் தட்டு, அலுமினியக் கதவு. கறையானுக்குத் தின்ன ஒண்டும் இல்ல, அலுமினியம் இரும்பு மாதிரிக் கறள் விட்டு உதிராது, கட்டேக்கயே சேத்துச் செய்தா அதே அளவு மர அலுமாரியை விடக் கன மலிவு. கதவில காத்துப் போக லூவர் வச்சா இன்னும் நல்லது.

ஆனா எந்தச் சுவர் எண்டதுதான் கேள்வியே. வடக்கு, கிழக்கு வெளிச்சுவரில வச்சீங்களெண்டா மாரி முழுக்க உங்கட உடுப்பு நனைஞ்ச சுவரில சாஞ்சு கிடக்கும். ரெண்டு அறைக்கு நடுவில இருக்கிற உள்சுவரில வையுங்க. பூச்சுப் பூசின உடன உடுப்பு அடுக்காதீங்க, கொங்கிறீட் இறுகவே 28 நாள் கணக்குச் சொல்லுவாங்க, பிறகும் உள்ளீரம் போகக் கொஞ்சக் காலம் எடுக்கும். பெயின்ட் அடிச்சு, காய விட்டு, தட்டுக்கு விரிப்புப் போட்டு, பிறகுதான்.

கொடியும் ரொட்டும்

இதை ஒருத்தரும் அலுமாரியாக் கணக்கெடுக்கிறதில்ல. ஆனா ஈரத்தை மட்டும் வச்சுப் பாத்தா இதுதான் முதலாவது, காத்து சுத்தி வர இருக்கிற உடுப்பில பூஞ்சணம் லேசில வராது. ஒரு அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்), நிலத்தில நிக்கிற ஸ்டாண்ட், முன்னால ஒரு பருத்திச் சீலைத் திரை. வாடகை வீட்டுச் சுவரில துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார், அதுக்குத்தான் ஸ்டாண்ட் சொல்லுறன்.

தூசி படும், யன்னல் வெயில் பட்டா தோள்ப்பக்கம் நிறம் மங்கும், மேல வளையில பல்லி இருந்தா எச்சம் விழும். மேலயும் ஒரு துணி போட்டு மூடினா கன அளவு சரி. வீட்டுக்கு ஆக்கள் வந்தா பாக்க வடிவில்ல எண்டு புதுசா முடிச்ச பிள்ளைகள் யோசிப்பாங்க, நல்ல திரை ஒண்டு தைச்சுப் போட்டா அதுவும் ஒரு வடிவுதான்.

பிளாஸ்டிக் லாச்சி, சிப் போட்ட துணி அலுமாரி

லாச்சி உள்ளுடுப்பு, பிள்ளைச் சட்டை, துவாய்க்கு நல்லம், ஓட்டோவிலயே ஏத்திக்கொண்டு போகலாம். நல்லாக் காய்ஞ்சதை மட்டும் வையுங்க, வெயில் படுற யன்னலடியில வச்சா பிளாஸ்டிக் உக்கி வெடிக்கும். துணி அலுமாரி ஒரு வருஷத்துக்கு. பிளாஸ்டிக் மூட்டு முறியும், சிப் உப்பில இறுகும், அந்தத் துணியிலயே பூஞ்சணம் வரும். கம்பஸ் பிள்ளைகள் அறைக்கு எடுக்கலாம், வேற ஆருக்கும் சொல்லமாட்டன்.

ட்ரங்குப் பெட்டி

எங்கட அம்மாக்கள் தலைமுறை அலுமாரி இருந்தாலும் பெட்டியை விடேல்ல, அதுக்குக் காரணம் இருந்தது. 1990ல சண்டை நேரம் ஊரை விட்டு வெளிக்கிடேக்க அலுமாரியை ஆரும் தூக்கேல்ல, ரெண்டு பக்கம் பிடிச்சுப் பெட்டியைத்தான் தூக்கினாங்க, உறுதியும் கூறையும் படமும் அதுக்குள்ள. எங்கட அம்மாட பெட்டி மூடிக்கு உள்பக்கம் அவட கையெழுத்தில என்னென்ன இருக்கெண்டு ஒரு கடதாசி இன்னும் ஒட்டிக் கிடக்கு. வருஷத்துக்கு ரெண்டு தரம் எடுக்கிற சாறிக்கு இண்டைக்கும் இது நல்லது, ஒவ்வொரு சாறியும் பழைய வேட்டித் துணியில சுத்தி, கட்டிலுக்குக் கீழ கட்டை வச்சு உயத்தி. தகரம் எண்டதால இரும்புக்குச் சொன்ன கறள் கதை இதுக்கும் தான். தினம் எடுக்கிற உடுப்புக்குச் சரிவராது, அடியில இருக்கிறதை எடுக்க எல்லாத்தையும் கிளறணும்.

அவசரமாப் பாக்கிற ஆக்களுக்கு:

| | மாரி ஈரம் | உப்பு | கறையான் | வீடு மாறேக்க |
|---|---|---|---|---|
| இரும்பு | உள்ளுக்குத் தேங்கும் | கறள் | தொடாது | பாரம், நாலு பேர் |
| மரம் | நல்லாச் சமாளிக்கும் | பயமில்ல | முதுகைப் பாக்கணும் | பாரம், ஆனா தாங்கும் |
| போர்ட் | ஊதும் | பிணைச்சல் போகும் | வரும் | ஒருக்காத்தான் |
| சுவர் அலுமாரி | சுவரைப் பொறுத்தது | அலுமினியமெண்டா சரி | தொடாது | கொண்டு போக ஏலாது |
| ரொட், கொடி | முதலாவது | ஜிஐ பைப் எண்டா சரி | இல்ல | லேசு |
| பிளாஸ்டிக் லாச்சி | காய்ஞ்சது மட்டும் | பயமில்ல | இல்ல, எலி அரிக்கும் | லேசு |
| பெட்டி | துணி சுத்தி வைக்கணும் | கறள் | தொடாது | ரெண்டு பேர் |

எதை எடுத்தாலும் கவனிக்க வேண்டியது

கடலோரத்தில இருந்தா உடுப்பைப் பின்னேரம் வரைக்கும் கொடியில விடாதீங்க, வீட்டிட கடல் பாக்காத பக்கம் கொடி கட்டுங்க, மூண்டு மணிக்குள்ள எடுங்க. மாரியில அயன் பண்ணி வையுங்க, ஆனா அயன் பண்ணின சூட்டோட அடுக்கக்கூடாது, அந்த ஆவி மடிப்புக்குள்ள நிண்டு அதுவே பூஞ்சணத்துக்கு வழி. பத்து நிமிஷம் கட்டில்ல பரப்பி ஆற விடுங்க.

கஞ்சி போட்ட பருத்திச் சாறியைக் கஞ்சியோட மாசக்கணக்கா வைக்காதீங்க. சாம்பல் நிறத்தில மீன் மாதிரி ஓடுற வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சி தான் சாப்பாடு, கஞ்சியைத் தின்னேக்க துணியையும் சேத்து அரிக்கும். கன காலம் வைக்கிறதெண்டா கஞ்சியைக் கழுவிட்டு வையுங்க. பட்டைப் பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டாதீங்க, துணியில சுத்துங்க, ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பை மாத்துங்க.

நப்தலீன் உருண்டை பற்றி இதைக் கட்டாயம் வாசியுங்க. அது பட்டிலயோ சரிகையிலயோ நேராப் படக்கூடாது, சின்னத் துணியில முடிஞ்சு மூலையில வைக்கணும். கைக்குழந்தையிட உடுப்பு இருக்கிற இடத்தில அறவே வைக்கக்கூடாது. ஜி6பிடி எண்ட நொதி குறைபாடு இருக்கிற பிள்ளைக்கு அந்த மணம் ஏறின உடுப்பே போதும், ரத்தத்தில சிவப்பணு உடைஞ்சு கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும், பிறந்த பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருக்கோ இல்லையோ எண்டு பாத்தாத் தெரியாது. மூத்த பிள்ளையிட சட்டையை உருண்டை போட்டு எடுத்து வச்சிருந்து அடுத்த பிள்ளைக்குப் போடுற வழக்கம் எங்கட வீடுகள்ல இருக்கு. தோச்சு, வெயில்ல நல்லாக் காய விட்டு, மணம் முழுசாப் போனாப் பிறகுதான் போடணும், வைக்கேக்கயே உருண்டை போடாம வைக்கிறது அதை விட நல்லம்.

கேட்ட ரெண்டு பேருக்கும்

உப்புவெளித் தங்கச்சி, போர்ட் அலுமாரி வேண்டாம். ரெண்டு வருஷத்தில நீங்க எங்க இருப்பீங்க எண்டு உங்களுக்கே தெரியாது. திரை போட்ட ரொட் ஸ்டாண்ட் ஒண்டை உள்சுவரோட நாலு அங்குலம் தள்ளி வையுங்க, ரெண்டு பிளாஸ்டிக் லாச்சி அடுக்கு எடுங்க, கூறைக்கும் நல்ல சாறிக்கும் அம்மாட்ட பெட்டி இருந்தா கேட்டு வாங்குங்க. மிச்சக் காசைச் சொந்த வீட்டுக்கு வேப்பம் அலுமாரி அடிக்கச் சேருங்க.

பாலையூத்து அண்ணா, உங்களுக்கு ரெண்டுமே வேணும். தினசரி உடுப்புக்குச் சுவர் அலுமாரி, 22 அங்குல ஆழம், அலுமினிய லூவர் கதவு. அண்ணிட சாறிக்கு ஒரு சின்ன மர அலுமாரி, முதுகும் பலகையா. பத்திரத்துக்குச் சின்ன இரும்பு லொக்கர், நிலத்தில இருந்து இடுப்பளவு உயரத்தில, வெள்ளம் வந்தாலும் எட்டாத மாதிரி. சுவர் அலுமாரி ரெண்டு அறைக்கும் நடுச்சுவரில வரணும் எண்டு மேசன் பாஸிட்ட இந்தக் கிழமையே சொல்லிடுங்க, நேத்து நீங்க அனுப்பின படத்தில வடக்குச் சுவரில தான் தட்டுக்கு இடம் விட்டிருக்கிறாங்க.